எடை யந்திரம் பட்ட கடன்

மண்டிக்காரர் கங்கையாவுக்கு நான் தரவேண்டியது இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்பது காசு. இதில் நூற்றைம்பது அசல். என் மனைவி ஜெபமணிக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்தபோது வாங்கியது. மீதி, அந்த நூற்றைம்பது போட்ட குட்டி.

கடன் இருக்கிற வரைக்கும் கங்கையாவின் மாங்காய் மண்டியை விட்டு வேறு வேலைக்குப் போகக்கூடாது என்பது வழக்கம். எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதி வைத்திருந்தால் யாராவது அழித்திருப்பார்கள். காலையில் கிராமத்து லாரியிலிருந்து கூடையை இறக்குவேன். மத்தியானம் அதே கூடையை மாங்கூழ் ஃபேக்டரி லாரியில் ஏற்றுவேன். மாங்காய்க்குச் சித்தூரில் ஒரு நாள்தான் வாசம். எனக்குப் பதினாறு வருசம்.

வேலை நாளில் மண்டித் தெருவில் நேராகப் போவேன். ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலுக்குப் போகும்போது மட்டும் கருவாட்டுச் சந்தில் திரும்பிச் சுற்றிக்கொண்டு போவேன். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருப்பேன். நேராகப் போனால் மண்டி வாசலில் கங்கையா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "சட்டை புதுசா ஞானசிங்கு?" என்று கேட்பார். அதைத் தவிர வேறொன்றும் கேட்க மாட்டார். அதுவே போதும்.

மிஷன் போர்டிங் ஸ்கூல் ஹெட்மாஸ்டர் தியோடர் எங்கள் சபைக்காரர். அந்த ஸ்கூலில் வாட்ச்மேன் இடம் காலியானது. சம்பளம், கேட்டுப் பக்கத்தில் ஓர் அறை, அறைக்குக் கதவு. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உனக்கே தர்றேன் ஞானசிங். ஆனா உம்மேல யாருக்கும் பாத்யதை இருக்கக்கூடாது. நாளைக்கு மண்டி ஆளுங்க வந்து பசங்க எதிர்ல உன்ன இஸ்துக்கினு போனா ஸ்கூலுக்குத்தான் அசிங்கம். கிறிஸ்மஸ் வரைக்கும் வேற ஆள் போடாம வைக்கிறேன். அதுக்குள்ள முடிச்சிக்கினு வா."

எப்படி முடிப்பது என்று தெரியாமல் இருந்தபோதுதான் சர்க்கார் உத்தரவு வந்தது. எமர்ஜென்சி முடிந்த வருசம் அது. கூலிக்காரர்களின் இருநூற்றைம்பது ரூபாய்க்கு உட்பட்ட கடன்கள் எல்லாம் ரத்து. தாலுகா ஆபீஸ் சுவரில் தெலுங்கில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக ஒட்டியிருந்தார்கள். நான் நாற்பத்தோரு வயதில் இரவுப் பள்ளியில் எழுத்துப் படித்தவன். யாரையும் கேட்காமல் நானே கூட்டிப் படித்தேன். ரத்து என்ற இடம் வந்ததும் சரியாகத்தான் படித்தேனா என்று இன்னொரு தரம் படித்தேன்.

ஆனால் எங்களுக்கு முன்னால் முதல் தவணையில் ரத்தானவர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். ரத்துச் சீட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, மறுநாள் காலையில் நேராகப் போய்க் கடனைக் கட்டிவிட்டார்கள். நகரிப் பக்கம் ஒரு ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படிச் செய்தார்களாம். விசாரிக்கப் போன தாசில்தாரிடம், "சர்க்காரு ரத்து பண்ணிட்டுப் போயிடும். தெருவுல கடன் குடுத்தவரு மூஞ்சில முழிக்கிறது யாரு, சர்க்காரா?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டிருக்கிறாள்.

சர்க்கார் ஆடிப்போய்விட்டது. ரத்தான கடனை ஒருவன் கட்டுகிறான் என்றால், கடன் என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை அவனிடமிருந்து எப்படி ரத்து செய்வது? ஆகவே உத்தரவைத் திருத்தினார்கள். கடன் என்ற கருத்து தன் மனத்தில் இருக்கிறது என்று நிரூபிக்கிறவர்களுக்கு மட்டும் ரத்து. நிரூபிக்க வேண்டிய இடம் திருப்பதி.

நான் பஸ் ஏறினேன். மொட்டை போட வந்த கூட்டத்தோடு இறங்கி, கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். பழைய சத்திரம் ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்து, கருத்துச் சோதனைக் கேந்திரம் என்று போர்டு மாட்டியிருந்தார்கள். உள்ளே போகச் சிரமமே இல்லை. போன பிறகு வாசலை வெளியிலிருந்து பூட்டினார்கள்.

உதவி டைரக்டர் சாந்தகுமார் நம் பக்கத்துத் தமிழர். நல்ல மனிதர், விதிகளைத் தணிந்த குரலில்தான் படித்தார். சோதனை முடிந்து தீர்ப்பு எழுதும்வரை யாரும் வெளியே போகக்கூடாது. வெளியே போனால் வேறு யாரிடமாவது கருத்தைக் கேட்டுக்கொண்டு வந்துவிடக்கூடும். இரண்டு வேளைச் சாப்பாடு உண்டு. வேளைக்கு முக்கால் ரூபாய். கையில் இல்லாதவர்களுக்கு அது அவர்கள் கடனோடு சேர்க்கப்படும்.

"சேர்ந்துக்கினே போனா இன்னாங்க ஆகும்?" என்று கேட்டேன்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். "இருநூத்தைம்பதத் தாண்டினா உத்தரவு உங்களுக்குப் பொருந்தாது."

"அப்போ வீட்டுக்குப் போயிடலாங்களா?"

"தீர்ப்பு எழுதாம எப்படிப் போறது?"

சமையல்கட்டில் சென்னம்மா இருந்தாள். சத்தியவேடுக்காரி. எருமை வாங்கின கடன் நூற்றெண்பதோடு வந்தவள். வந்து இரண்டு மாசம் ஆகிறது. சாப்பாட்டுக் கணக்கில் அவள் கடன் எப்போதோ இருநூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. தீர்ப்பு மட்டும் வரவில்லை. சும்மா இருப்பானேன் என்று அவளையே சமைக்கச் சொல்லிவிட்டார்கள்.

"நீயே ஆக்கி நீயே துன்றதுக்கு நீயே காசு குடுக்கிறியா?" என்று கேட்டேன்.

"பின்ன? எருமைகூட செத்துப்போச்சு. அது துன்ன புல்லுக்கு இவ்ளோ கணக்கு வெக்கல. நீ ஒண்ணு பண்ணு அண்ணே, ஒரு வேள மட்டும் துன்னு. நாளு கொஞ்சம் தாங்கும்."

நான் அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் என் பேருக்கு எதிரே குறிப்பு எழுதினார்கள்: உணவில் ஆர்வம் இல்லை, பசி என்ற கருத்தும் இவரிடம் ஐயத்துக்குரியது.

டைரக்டர் ரங்கையா பெல்ஜியத்தில் ஆறு மாதம் படித்தவர். அவர் தெலுங்கில் கேட்பார், சாந்தகுமார் தமிழில் சொல்லுவார். எனக்குத் தெலுங்கு தெரியும் என்று சொன்னேன். மொழிபெயர்ப்புக்கு என்று ஒரு பதவி இருப்பதால் மொழிபெயர்த்துத்தான் ஆகவேண்டும் என்றார்கள். அதனால் ஒவ்வொரு கேள்வியும் என்னிடம் இரண்டு தரம் வந்தது.

"கடன் என்றால் என்ன?"

"கங்கையாவுக்குத் தரவேண்டியதுங்க."

"அது உதாரணம். கருத்தைச் சொல்."

"வாங்கினத திருப்பித் தர்றதுங்க."

"அது கடன் தீருவது. கடனைச் சொல்."

"ஞாயித்துக்கெழம கோயில்ல 'எங்கள் கடன்களை மன்னியும்'னு ஜெபத்துல நாங்க கேக்குறோம். திங்கக்கெழம மண்டியில அத அவங்க கேக்குறாங்க."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் பாடம் நடத்துவார்.

"கவனி. கடன் வேறு, கடனைப் பற்றிய கருத்து வேறு. உன்னிடம் கடன் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மாட்டிடம் கொம்பு இருக்கிறது. கொம்பைப் பற்றிய கருத்து மாட்டிடம் இருக்கிறதா?"

"முட்ட வர்றப்போ இருக்கிற மாதிரிதான் தெரியுதுங்க."

"மலைமேல் இருக்கும் சுவாமியைப் பார். கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு இன்றைக்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். கருத்து இருப்பதால் கட்டுகிறார்."

"அவரு கட்டுனா கருத்து இருக்குது. எங்காளுங்க கட்டுனா இல்லீங்களா?"

இதைச் சாந்தகுமார் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்காததால் டைரக்டரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் படச் சோதனை. மேஜைமேல் அட்டைகளைப் பரப்பி, கடன் எதில் இருக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொன்னார்கள். ஒன்றில் மாடு. ஒன்றில் மழை. ஒன்றில் ஒரு தெரு. நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் கொஞ்சம் தள்ளிச் சந்துக்குள் திரும்புகிறார். ஒன்று வெறும் அட்டை. நான் தெருவைத் தொட்டேன்.

"அது திசை என்ற கருத்துக்கான படம்," என்றார் டைரக்டர். "கடனுக்கு உருவம் கிடையாது. வெற்றட்டைதான் சரியான விடை."

மறுநாள் திரும்பவும் பரப்பினார்கள். நான் வெற்றட்டையைத் தொட்டேன். நேற்றுச் சொன்னதை மனப்பாடம் செய்திருக்கிறான், கருத்து இல்லை என்று எழுதினார்கள்.

"நீ எதத் தொட்ட?" என்று சென்னம்மா கேட்டாள்.

"மொதல்ல தெருவ. அப்பறம் வெறும் அட்டைய."

"நான் மாட்டத் தொட்டேன். எருமன்னு நெனச்சிக்கினு." கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். "அந்தத் தெருவுல சந்துல திரும்புறவன் செருப்பக் கையில புடிச்சிக்கினு இருந்தானா பாத்தியா?"

"இல்ல. போட்டுக்கினுதான் இருந்தான்."

"அப்போ அவன் கடன்காரன் இல்ல. செருப்பு சத்தம் போட்டா நாற்காலியில இருக்கிறவன் திரும்பிப் பாத்துடுவான். வரஞ்சவன் கடன் வாங்கினதே இல்ல."

இப்படியே நாள் போய்க்கொண்டிருந்தது. என் கணக்கு இருநூற்று முப்பதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஜெபமணி ஒரு நாள் சித்தூரிலிருந்து வந்து வாசல் கம்பிக்கு வெளியே நின்றாள். சபையில் எனக்காக ஜெபம் வைத்திருப்பதாகச் சொன்னாள். தியோடர் ஐயாவைக் கேட்டதாகவும், கிறிஸ்மஸ் என்ற பேச்சில் மாற்றமில்லை என்று அவர் சொன்னதாகவும் சொன்னாள். பையில் வேர்க்கடலை கொண்டுவந்திருந்தாள். வெளி உணவில் கருத்து ஏதும் கலந்திருக்கலாம் என்று காவல்காரன் வாங்கிக்கொண்டான். அவனே தின்றான்.

கேந்திரத்துக்கும் ஒரு கஷ்டம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஜூன் முடிவதற்குள் ஒருவராவது தேறவில்லை என்றால் மானியம் நின்றுவிடும். நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சோதித்தும் ஒருவரும் தேறவில்லை. டைரக்டர் தூங்காமல் இளைத்துப்போனார். அப்போது சாந்தகுமார் உத்தரவைத் திருப்பிப் படித்து ஒன்று கண்டுபிடித்தார். உத்தரவில் விண்ணப்பதாரர் என்றுதான் இருந்தது. மனிதர் என்று எங்கேயும் இல்லை.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஓர் எடை யந்திரம் இருந்தது. மேலே ஏறி நின்று பத்துக் காசு போட்டால் உள்ளே ஒரு சக்கரம் சுற்றும், சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரியும், கடகடவென்று ஓர் அட்டை விழும். முன்பக்கம் எடை. பின்பக்கம் தெலுங்கில் ஒரு பலன். ஒரு மனிதனைப் பார்த்து அவனைப் பற்றி எழுத்திலேயே கருத்துச் சொல்கிற யந்திரம் இந்த ஜில்லாவில் இது ஒன்றுதான் என்றார் சாந்தகுமார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் டைரக்டர் எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கிவிட்டார். அதன் பிறகு வேடிக்கை என்று யார் சொல்ல முடியும்?

இரண்டு போலீஸ்காரர்களோடு யந்திரம் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. தூக்கி உள்ளே வைத்தது நான்தான். விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் அதைச் செய்த கம்பெனியின் பெயரை எழுதினார்கள். தொழில் என்ற இடத்தில் எடை போடுதல் என்று எழுதினார்கள். பிறகு கூடம் நிறைய நாற்காலி போட்டு, எங்களையும் சுவரோரம் நிற்கவைத்துச் சோதனையைத் தொடங்கினார்கள்.

டைரக்டர் ஏறி நின்றார். "கடன் என்றால் என்ன?" என்று கேட்டுப் பத்துக் காசு போட்டார். அட்டை விழுந்தது. சாந்தகுமார் படித்தார்: "பொறுமையைக் கைவிடாதீர்கள்."

டைரக்டர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"கேட்டீர்களா?" என்றார் டைரக்டர். "கங்கையா என்கிற உதாரணம் இல்லை. திங்கட்கிழமை இல்லை. கொடுத்தவனுக்கும் பொறுமை, வாங்கியவனுக்கும் பொறுமை. கடனின் சாரமே அதுதான்."

"வட்டி என்றால் என்ன?" என்று கேட்டு இன்னொரு காசு போட்டார்.

"உங்கள் குடும்பம் பெருகும்."

ஒரு கிளார்க்கு கைதட்டினார்.

"ரத்து என்றால் என்ன?"

"தூரப் பயணம் ஏற்படும்."

டைரக்டர் தழுதழுத்த குரலில் பேசினார். "இந்தக் கேந்திரத்தில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஒருவன் யோசிக்கிறான். ஒருவன் தலையைச் சொறிகிறான். ஒருத்தி அழுகிறாள். கருத்து உள்ளவன் எதற்காக யோசிக்க வேண்டும்? இந்த யந்திரம் தயங்கவில்லை. எதிர்க் கேள்வி கேட்கவில்லை. சோறு கேட்கவில்லை. நான் எதை எதிர்பார்த்தேனோ அதை என்னால் இதன் விடையில் கண்டுபிடிக்க முடிகிறது. மனம் என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் எனக்கு வேண்டாம்."

மூன்று அட்டையிலும் டைரக்டரின் எடை மூன்று விதமாக இருந்தது. எண்பத்து நாலு, எழுபத்தொன்பது, தொண்ணூற்றொன்று. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சென்னம்மா என் பக்கம் சாய்ந்து, "கடன் வாங்கினா இது எந்தத் தெருவுல ஓடும்?" என்று கேட்டாள்.

"அமைதி," என்றார்கள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என்னையும் ஏறி நிற்கச் சொன்னார்கள். காசு கேந்திரத்தினுடையது. எனக்கு விழுந்த அட்டையில், "பிறர் பாரத்தைச் சுமப்பீர்கள்" என்று இருந்தது. கூடை சுமக்கிறவனுக்குச் சரியான பலன்தான் என்று நினைத்தேன். டைரக்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது இவனைப் பற்றியது அல்ல," என்றார். "இவன் எதிரே நின்றதும் யந்திரம் தன்னைப் பற்றிச் சொல்கிறது. இவனுடைய பாரத்தைச் சுமக்கச் சம்மதம் தெரிவிக்கிறது. எழுத்திலேயே."

அந்த வாரம் இரண்டு தீர்ப்பு எழுதினார்கள். யந்திரத்திடம் கடன் என்ற கருத்து முழுமையாக உள்ளது. அதற்கு மாலை போட்டுக் குங்குமம் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஞானசிங் என்பவரிடம் கடன் என்ற கருத்து இல்லை. எது என்னவென்று ஒருவனுக்குத் தெரியாதோ அதை அவன் படமுடியாது. ஆகவே நான் கடன்படவே இல்லை. படாத கடனை ரத்து செய்யவும் முடியாது. ஆனால் கடன் என்று ஒன்று இருக்கும்போது அது எங்கேயாவது இருந்தாக வேண்டும். ஜில்லாவிலேயே கடன்படத் தகுதி பெற்றது யந்திரம் ஒன்றுதான். சம்மதமும் எழுத்தில் இருக்கிறது. எனவே இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்பது காசு யந்திரத்தின் பேருக்கு மாற்றப்பட்டது. சாப்பாட்டுப் பாக்கியைக் கேந்திரமே விழுங்கிக்கொண்டது. கருத்து இல்லாதவனுக்குக் கடனாகச் சோறு போட்டோம் என்று எழுதினால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வார்களாம்.

கங்கையாவைச் சித்தூரிலிருந்து வரவழைத்தார்கள். அவர் யந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏமய்யா, நான் யாரப் போய்க் கேக்குறது?"

"அதையே கேளுங்கள். பத்துக் காசு போட்டுக் கேளுங்கள்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். "எப்ப தருவ?" என்றார். விளக்கு எரிந்தது. அட்டை விழுந்தது: "உங்கள் விருப்பம் விரைவில் நிறைவேறும்."

கங்கையா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருவது வருசமா கடன் குடுக்கிறேன். ஒருத்தனும் எழுத்துல பதில் குடுத்ததில்ல." மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

யந்திரத்தைச் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் வைப்பது, அதன் சாவி கங்கையாவிடம் இருப்பது, விழுகிற காசு கடனுக்கு வரவு என்று முடிவானது. வட்டி கேட்டுப் பார்த்தார். யந்திரம் குட்டி போடாது என்று டைரக்டர் மறுத்துவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர் தெளிவாக இருந்தார்.

எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இவரிடம் கடன் என்ற கருத்து இல்லை. இவர் யாருக்கும் கடன்பட முடியாது. யாரும் இவருக்குக் கடன்பட முடியாது. மேற்படி கடன் யந்திரத்தால் பைசலாகும் நாள் வரை இது செல்லும். படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கேட்டேன். சாந்தகுமார் மை ஒற்றுகிற பெட்டியை நகர்த்தினார்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுங்க," என்றேன்.

"தெரியும் ஞானசிங். ஆனா கையெழுத்துப் போட்டா ஒப்புக்கொண்டதா அர்த்தம். ஒப்புக்கொள்றதுக்கு ஒரு கருத்து வேணும். அது இருக்குன்னா மறுபடி மொதல்லேர்ந்து சோதன." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கட்டவிரலக் குடுங்க."

இரவுப் பள்ளியில் என் பேரை எழுதக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. கட்டைவிரலைக் கொடுத்தேன். மை சீக்கிரம் போய்விட்டது.

சென்னம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "எங்கணக்கையும் அதும்மேல எழுதச் சொல்லேன்," என்றாள். கேட்டேன். அவள் கடன் இருநூற்றைம்பதைத் தாண்டிவிட்டதால் உத்தரவு பொருந்தாது என்றார்கள். அவள் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாசல் வரைக்கும் வரவில்லை. வரக்கூடாது என்று விதி.

சித்தூரில் இறங்கி நேராகத் தியோடரிடம் போனேன். அவர் சான்றிதழை மெதுவாகப் படித்தார்.

"கடன் போச்சு, சந்தோஷம். ஆனா இன்னா எழுதிக் குடுத்திருக்கான் பாத்தியா? யாரும் உனக்குக் கடன்பட முடியாதாம். சம்பளம் மாசக் கடைசியில தர்றது. அதுவரைக்கும் ஸ்கூல் உனக்குக் கடன்பட்டிருக்குது இல்லையா?"

"தினம் சாயங்காலம் குடுத்துடுங்கய்யா."

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்?"

"அப்போ காலையிலியே."

"காலையிலியே குடுத்தா சாயங்காலம் வரைக்கும் நீ எனக்குக் கடன்." அவர் கண்களை மூடிக்கொண்டார். "இத எழுதினவன் பெரிய ஆளு. இது செல்லாமப் போற வரைக்கும் நான் உன்ன எடுக்க முடியாது தம்பி. இன்ஸ்பெக்சன் வரும்."

மண்டிக்குப் போனேன். என் பழைய கூலிப் பாக்கியைக் கேட்டேன். கங்கையா சிரிக்கவில்லை. கணக்குப்பிள்ளை சின்னசாமியிடம் சான்றிதழைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

"ஒனக்கு நான் எப்படிரா கடன்பட முடியும்? சர்க்காரே எழுதிக் குடுத்துட்டான். வேல செய்யி, மத்தியானம் களி துன்னு, போறப்போ ஒரு படி அரிசி எடுத்துக்கினு போ. அது கூலி இல்ல, தர்மம்."

இந்தச் சான்றிதழோடு வேறு யாரும் என்னைக் கூலிக்கு வைக்க மாட்டார்கள். அப்படித்தான் மறுநாள் காலை லாரியிலிருந்து கூடையை இறக்கினேன். கடன் இருந்தபோது கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டு பாதியைக் கொடுத்தார். கடன் போனபிறகு கூலியே போய்விட்டது.

ஆக, யந்திரம் கடனைக் கட்டி முடித்தால்தான் சான்றிதழ் செல்லாமல் போகும். கிறிஸ்மஸுக்குள் முடிந்தால்தான் வாட்ச்மேன் இடம். ஜெபமணி மிஷன் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவள் காசைப் பத்துப் பத்துக் காசாக மாற்றிக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம். யந்திரத்தைத் தூணோடு சங்கிலியில் கட்டியிருந்தார்கள். அவள் ஏறுவாள், நான் ஏறுவேன், மறுபடி அவள் ஏறுவாள்.

"ரத்தான கடன அடைக்கிறதுக்கு இம்மாஞ் சுத்து சுத்தணுமா?" என்றாள் ஒரு நாள். "நேரா அவரு கையில குடுத்தா இன்னா?"

"என் கையிலேர்ந்து வாங்கினா நான் கடன்பட்டவன்னு ஆயிடுமாம். கேஸ் போட்டுடுவாங்க."

"அப்போ இது கட்டுதுன்னு பேரு."

"பேரு அதுக்குத்தான்."

அவள் யந்திரத்தைத் தட்டிக்கொடுத்தாள். "பாவம், இதும் நம்மள மாதிரிதான். எங்கியும் போக முடியாது."

விஷயம் மெல்லப் பரவியது. தியோடர் போர்டிங் பையன்களை வாராவாரம் எடை பார்க்க வேண்டும் என்று ஆர்டர் போட்டார். சனிக்கிழமை வரிசையாக வந்து ஏறி இறங்கினார்கள். மண்டியில் மற்ற கூலிக்காரர்களும் வீட்டுக்குப் போகிற வழியில் ஏறினார்கள். "ஒடம்பு இன்னா கனம்னு பாத்துக்கினா நல்லதுதானே" என்று மட்டும் சொன்னார்கள். கங்கையாவுக்கு இது பிடிக்கவில்லை. கூலியில்லாத ஆள் கையைவிட்டுப் போய்விடுவான் என்று தெரிந்து, ரிப்பேர் என்று ஒரு போர்டை மாட்டினார். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. ஏறிக்கொண்டேதான் இருந்தார்கள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் கங்கையா வந்து பெட்டியைத் திறந்தார். சின்னசாமி சாக்கை விரித்துக் காசை அடுக்கி எண்ணினான். முன்னே வரவு வைத்ததோடு கூட்டினான். இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் முப்பது காசு.

"பத்துக் காசு கொறையுது," என்று சொல்லிக் கங்கையா பெட்டியை மூடப்போனார். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

ஜெபமணி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நான் ஏறி நின்றேன். சக்கரம் சுற்றியது, விளக்கு எரிந்தது. காசு விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அட்டையில் பொறுமையைக் கைவிடாதீர்கள் என்று இருந்தது.

சுற்றிக் கூட்டம் கூடிவிட்டதால் கங்கையாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சின்னசாமி ரசீது எழுதினான். இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்பது காசு, பைசல். பணம் கட்டியவர், எடை யந்திரம். சாட்சி என்ற இடம் காலியாக இருந்தது. நான் பேனாவை வாங்கி என் பேரை முழுசாக எழுதினேன்.

கங்கையா எட்டிப் பார்த்தார். "ஒனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமாடா?"

"தெரியுங்க."

அவர் பெட்டியைப் பூட்டினார்.

மறுநாள் விடியற்காலை ஆராதனைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டேன். அது முடிந்ததும் தியோடர் சாவி தருவதாகச் சொல்லியிருந்தார். மண்டித் தெருவில் யாரும் இல்லை. நாற்காலிகூட இல்லை. நேராகப் போய்விடலாம். கால் கருவாட்டுச் சந்துக்குள் திரும்பியது. ஜெபமணியும் கூடவே திரும்பினாள். அவள் செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.